ரன்னிங்கில் இரண்டு ‘என்’ எங்கிருந்து வந்தது?

ஆங்கில இலக்கணப் புத்தகம் எதை எடுத்தாலும், வினைச்சொல்லோடு ‘இங்’, ‘எட்’ விகுதிகளைச் சேர்ப்பது பற்றி மூன்று விதிகள் இருக்கும். முதலாவது, கடைசி எழுத்தை இரட்டிப்பது. ‘ரன்’ என்பதில் ஒரு ‘என்’ தான். ‘ரன்னிங்’ என்று எழுதினால் இரண்டு. அடுத்தது, கடைசியில் இருக்கும் ‘ஈ’யை விட்டுவிடுவது. ‘மேக்’ என்ற சொல் ‘ஈ’யில் முடிகிறது; ‘மேக்கிங்’ என்று எழுதும்போது அது காணாமல் போகிறது. மூன்றாவது, ‘ஒய்’யை ‘ஐ’ ஆக்குவது. ‘கேரி’ என்பது ‘ஒய்’யில் முடியும், அதன் இறந்தகாலமான ‘கேரீட்’ என்பதில் அந்த இடத்தில் ‘ஐ’ உட்கார்ந்திருக்கும்.

ஏன் இப்படி என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்பதுதான். உண்மையில் இந்த மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கை தெரியவரும். புத்தகம் மூலச்சொல்லை மாறாதது போலவும், விகுதி சேர்ந்த சொல்லை மாறியது போலவும் சொல்கிறது. வரலாற்றில் நடந்தது பெரும்பாலும் நேர் எதிர். விகுதி சேர்ந்த சொல் பழைய உருவத்தோடு அப்படியே நிற்கிறது, மாறிப்போனது மூலச்சொல்தான்.

(படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே ‘டி’ என்றால் டெல்லிக்கு வரும் ஆங்கில எழுத்து, ‘டீ’ என்றால் டீக்கடைக்கு வரும் எழுத்து. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது இந்தச் சங்கடம் தவிர்க்க முடியாதது.)

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் நீந்துவதற்குச் சொல் ‘ஸ்விம்மன்’. நூல் நூற்பதற்கு ‘ஸ்பின்னன்’. போராடுவதற்கு ‘வின்னன்’, இதிலிருந்துதான் இன்றைய ‘வின்’ வந்தது. இந்த மூன்றிலும் மூலச்சொல்லிலேயே இரண்டு ‘எம்’ அல்லது இரண்டு ‘என்’ எழுதப்பட்டன. யாரும் எந்த விதிக்காகவும் இரட்டிக்கவில்லை. வாயில் அப்படித்தான் சொன்னார்கள், அதனால் அப்படி எழுதினார்கள். ‘கனி’ என்பதற்கும் ‘கன்னி’ என்பதற்கும் நாம் எப்படி வேறுபாடு காட்டிப் பேசுகிறோமோ அதே போலத்தான். அந்தக் கால ஆங்கிலத்தில் ‘சுனு’ என்றால் மகன், ‘சுன்னெ’ என்றால் சூரியன். ஒரு ‘என்’ கூடினால் பொருளே மாறிவிடும்.

பின்னால் வந்த சில நூற்றாண்டுகளில் இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்தன. ஒன்று, இரட்டை மெய்யை அழுத்திச் சொல்லும் பழக்கம் ஆங்கிலேயர் வாயிலிருந்து மறைந்துபோனது. மற்றொன்று, சொல்லின் கடைசியில் இருந்த ‘அன்’, ‘என்’, ‘எ’ போன்ற ஒலிகள் தேய்ந்து உதிர்ந்தன. 1400இல் இறந்த சாசரின் கவிதைகளில், யாப்பு சரியாக வர வேண்டுமானால் பல இடங்களில் சொல்லின் கடைசி ‘எ’யை உச்சரித்தாக வேண்டும். அவர் காலத்துக்குச் சற்றுப் பின்னால் அந்த ஒலி பேச்சிலேயே இல்லை.

ஆனால் பேச்சு போன வேகத்தில் எழுத்து போகவில்லை. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோதும் சரி, அதன் பிறகு நூறு ஆண்டுகள் கழித்தும் சரி, ‘ரன்’, ‘சன்’ போன்ற சொற்களை இரண்டு ‘என்’ போட்டு, கடைசியில் ஒரு ‘ஈ’யும் போட்டு எழுதுவது சாதாரணம். ‘டாக்’ என்ற நாய்கூட இரண்டு ‘ஜி’யும் ஒரு ‘ஈ’யுமாக வாலை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒரே அச்சகம் ஒரே புத்தகத்தில் ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக அச்சிட்டாலும் யாரும் தவறென்று சொல்லவில்லை.

இந்த வாலை வெட்ட வேண்டும் என்று சொன்னவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் மல்காஸ்டர். லண்டன் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமை ஆசிரியர். 1582இல் ‘எலிமென்டரி’ என்ற நூலை வெளியிட்டார். ஒலியை மட்டும் பார்த்து எழுத வேண்டும் என்று வாதாடிய சீர்திருத்தக்காரர்களை அவர் ஏற்கவில்லை. வழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது, அதே சமயம் வேலையில்லாத எழுத்தைச் சும்மா வைத்திருக்கவும் கூடாது என்பது அவர் கட்சி. சுமார் 8,000 சொற்களுக்கு இப்படி எழுதலாம் என்று பட்டியலும் கொடுத்தார். அவர் சொன்னதால்தான் மாறியது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் போன திசையில்தான் அச்சகங்களும் போயின. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘ரன்’ ஒற்றை ‘என்’னுக்கு இறங்கிவிட்டது. ‘ஸ்விம்’ ஒற்றை ‘எம்’முக்கு இறங்கிவிட்டது.

அப்படியானால் ‘ரன்னிங்’, ‘ஸ்விம்மிங்’ ஆகியவற்றிலும் வெட்டியிருக்கலாமே? அங்கே வெட்ட முடியாமல் போனதற்குக் காரணம், ஒலியை இழந்த அந்த இரட்டை எழுத்துக்கு அதற்குள் வேறொரு வேலை கிடைத்துவிட்டது.

‘மேக்’ என்ற சொல்லைப் பாருங்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘மாகென்’. ‘மா’ தனி அசை, ‘கென்’ தனி அசை. இப்படி மெய்யால் மூடப்படாமல் நின்ற அசைகளில் உயிர் நீண்டது. ‘ஸ்விம்-மென்’ என்பதில் முதல் அசையை ஒரு ‘எம்’ மூடிவிட்டதால் உயிர் குறுகியே நின்றது. அதாவது நடுவில் ஒரு மெய் இருந்தால் முன்னால் நெடில், இரண்டு இருந்தால் முன்னால் குறில் என்ற கணக்கு தானாக உருவாகிவிட்டது. இரட்டை மெய் என்ற ஒலி செத்த பிறகும் இந்தக் கணக்கு சாகவில்லை. படிப்பவன் கண்ணுக்கு அது ஒரு சமிக்ஞையாக நின்றுவிட்டது. ‘பிளான்’ என்றால் திட்டமிடுவது, ‘பிளேன்’ என்றால் தச்சர் இழைப்புளியால் மரத்தை இழைப்பது. ‘இங்’ சேர்த்து எழுதினால் இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு ‘என்’ வித்தியாசம்தான். அதை வெட்டினால் திட்டம் மர இழைப்பாகிவிடும்.

‘பிளான்’ பழைய ஆங்கிலச் சொல் அல்ல. பிரெஞ்சிலிருந்து வந்து, வினைச்சொல்லாக வழங்கத் தொடங்கியதே 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு இரட்டை ‘என்’ வைத்த பாட்டன் முப்பாட்டன் யாரும் கிடையாது. ‘ரன்’, ‘வின்’, ‘ஸ்பின்’ போன்ற பழைய குடும்பத்துச் சொற்களைப் பார்த்து, அதே போல் இதற்கும் இரட்டித்தார்கள். இந்த இடத்தில்தான் அது உண்மையான விதி ஆகிறது. 1999இல் பிறந்த ‘பிளாக்’ என்ற சொல்கூட, ‘பிளாக்கிங்’ என்றதும் சொல்லி வைத்தாற்போல் இரண்டு ‘ஜி’யோடு வந்து நின்றது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ கேட்டது போலத் தோன்றும். ‘கல்’ என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘கல்லை’. ‘கால்’ என்பதோடு சேர்ந்தால் ‘காலை’. தனிக்குறிலுக்குப் பின்னால் நிற்கும் மெய், அடுத்து உயிர் வந்தால் இரண்டாகும். நெடிலுக்குப் பின்னால் ஆகாது. பவணந்தி முனிவர் நன்னூலில் இதைச் சொன்னது 13ஆம் நூற்றாண்டில். ‘ரன்னிங்’ விதியும் மேலோட்டமாக இதேதான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாம் ‘கல்லை’ என்று சொல்லும்போது இரண்டு ‘ல்’லும் காதில் விழுகிறது. ஆங்கிலேயர் ‘ரன்னிங்’ என்று சொல்லும்போது ஒரு ‘என்’ தான் விழுகிறது. நமக்குக் காது சொல்லிக்கொடுப்பதை அவர்கள் கண்ணால் கற்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளே இதில் தவறு செய்வதில் ஆச்சரியம் இல்லை.

இரட்டை எழுத்தை வைத்து உயிரின் அளவைக் காட்டலாம் என்று முதலில் திட்டமிட்டு எழுதியவர் ஓர் எளிய துறவி. பெயர் ஓர்ம். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் இருந்தவர் என்று கருதுகிறார்கள். கோயிலில் பாதிரியார்கள் மக்களுக்கு முன் வாசிப்பதற்காக, விவிலியப் பகுதிகளை விளக்கி நீண்ட செய்யுள் நூல் ஒன்றை எழுதினார். வாசிப்பவர் தப்பாக உச்சரித்தால் கேட்பவருக்குப் புரியாதே என்ற கவலை அவருக்கு. அதற்காகக் குறுகிய உயிருக்குப் பின்னால் அசையை மூடும் மெய்யை எல்லா இடத்திலும் இரட்டித்தே எழுதினார். ‘இஸ்’ என்ற சின்னச் சொல்லுக்குக்கூட இரண்டு ‘எஸ்’. இனி இந்த நூலைப் பிரதி எடுப்பவர்கள், தான் இரட்டித்த எழுத்துகளை அப்படியே இரட்டித்து எழுத வேண்டும் என்று நூலிலேயே கேட்டுக்கொண்டார்.

யாரும் பிரதி எடுத்ததாகத் தெரியவில்லை! அவர் கைப்படவே எழுதியதாகக் கருதப்படும் ஒரே ஒரு சுவடி மட்டும் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 19,000 அடிகள் மிஞ்சியிருக்கின்றன. கவிதையாக அதை ரசித்தவர்கள் குறைவு. ஆனால் 12ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் காதுக்கு எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்க நினைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு அது பொக்கிஷம்.

இரண்டாவது விதிக்கு விடை பாதி ஏற்கனவே வந்துவிட்டது. ‘மேக்’ என்பதன் கடைசியில் நிற்கும் ‘ஈ’ அந்தச் சொல்லின் உடம்பில் பிறந்த எழுத்து அல்ல. ‘மாகென்’ என்பதில் இருந்த ‘என்’ விகுதியின் மிச்சம் அது. முதலில் ‘ன்’ போனது, பிறகு ‘எ’ ஒலியும் போனது, எழுத்து மட்டும் தங்கியது. தங்கிய எழுத்துக்கு, முன்னால் இருக்கும் உயிர் நெடில் என்று காட்டும் வேலையைக் கொடுத்தார்கள். ‘மேக்கிங்’ என்று வரும்போது பழைய விகுதி இருந்த நாற்காலியில் புதிய விகுதி உட்காருகிறது. ஒரு நாற்காலியில் இரண்டு பேர் எதற்கு?

இதற்கு விலக்குகள் சில உண்டு. சாயம் போடும் ‘டை’ என்ற வினை ‘இங்’ சேர்ந்தாலும் ‘ஈ’யை விடாது. விட்டால் ‘செத்துக்கொண்டிருப்பது’ என்று பொருளாகிவிடும். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ‘ஈ’ இது. ஆனால் இந்த வேறுபாடு அவ்வளவு பழையதும் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் சாவுக்கும் சாயத்துக்கும் ஒரே எழுத்துதான் கொடுத்தார். அவருக்கு முந்தைய தலைமுறை எழுத்தாளரான அடிசனும் இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதினார், ஆனால் ஜான்சன் எழுதியதற்கு மாறான எழுத்தில்! 19ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் உறுதியாகப் பிரிந்தன.

‘ஒய்’, ‘ஐ’ கதைக்குக் காரணம் ஒலி அல்ல, பேனா. கையால் எழுதிய காலத்தில் இரண்டும் ஒரே ஒலிக்கு மாற்றி மாற்றி வந்த எழுத்துகள். அந்தக் கால எழுத்துமுறையில் ‘எம்’, ‘என்’, ‘யு’, ‘ஐ’ எல்லாமே சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகள். வரிசையாக வந்தால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. கீழே வால் நீளும் ‘ஒய்’ அங்கே கண்ணுக்கு உதவியது. சொல்லின் கடைசியில் ‘ஐ’யைத் தனியாக விடுவதையும் விரும்பவில்லை, ‘ஒய்’ போட்டார்கள், அல்லது ‘ஐ’யோடு ‘ஈ’ சேர்த்து முடித்தார்கள். 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் தொகுப்பாக வந்தபோது ‘டிராஜெடி’ என்ற சொல் ஹாம்லெட் தலைப்பில் ‘ஐ-ஈ’ என்றே முடிகிறது. ‘கேரி’ போன்ற வினைகளும் அந்தக் காலத்தில் இப்படி முடிவதுண்டு. அதோடு ஒரு ‘டி’ சேர்த்தால் இன்று நாம் எழுதும் ‘கேரீட்’ அப்படியே வந்துவிடுகிறது. பின்னால் அச்சகங்கள் சொல் முடிவில் ‘ஒய்’தான் என்று முடிவு செய்தன. உள்ளே இருந்த ‘ஐ’யை யாரும் தொடவில்லை. ‘கேரியிங்’ என்பதில் மட்டும் ‘ஒய்’ நிற்பதற்குக் காரணம், இல்லையென்றால் இரண்டு ‘ஐ’ பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

‘டிராஃபிக்’ என்ற சொல்லும் இதே கதைதான். இன்று அது ‘சி’யில் முடிகிறது. கடத்தலைக் குறிக்கும் ‘டிராஃபிக்கிங்’ என்ற சொல்லில் எங்கிருந்தோ ஒரு ‘கே’ வருகிறது. ஜான்சன் அகராதியைத் திறந்தால் மூலச்சொல்லிலேயே ‘கே’ இருக்கும். ‘மியூசிக்’, ‘பப்ளிக்’ எல்லாவற்றுக்கும் அவர் ‘கே’ போட்டவர். பிறகு கடைசி ‘கே’ உதிர்ந்தது. ஆனால் ‘ஐ’க்கு முன்னால் வெறும் ‘சி’ நின்றால் ‘ஸி’ என்று படிக்க வேண்டியிருக்கும் என்பதால் உள்ளே இருந்த ‘கே’ தப்பித்தது. கணினி படிப்பவர்கள் தினமும் எழுதும் ‘புரோகிராமிங்’ என்பதன் இரண்டு ‘எம்’மும், பிரெஞ்சு வழியில் இரண்டு ‘எம்’மும் ‘ஈ’யுமாக எழுதப்படும் ‘புரோகிராம்’ என்ற உருவத்தை நினைவுபடுத்துகின்றன.

‘எட்’ விகுதிக்குத் தனி வரலாறு இருக்கிறது. அது முன்பெல்லாம் முழு அசையாக ஒலித்தது. ‘வான்டட்’, ‘நீடட்’ என்று இன்றும் சொல்கிறோமே, அப்படி எல்லா வினையிலும் சொன்னார்கள். பேச்சில் அந்த ‘எ’ விழுந்த பிறகு, எழுத்திலும் அதை விட்டுவிட்டு மேலே ஒரு காற்புள்ளி போன்ற குறி போடுவது 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெரிய வழக்கம். ‘கிஸ்ட்’ போன்ற சொற்களை ஒலிப்படி ‘டீ’ போட்டே முடித்தவர்களும் உண்டு. கல்லிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டுக்கு இது பிடிக்கவே இல்லை. 1712இல் அவர் வெளியிட்ட மொழிச் சீர்திருத்த யோசனையில், கவிஞர்கள் உயிரெழுத்தைத் தின்றுவிட்டு மெய்களை மோதவிடுகிறார்கள் என்று கோபப்பட்டார். ஒலி விஷயத்தில் ஸ்விஃப்ட் தோற்றுவிட்டார், இன்று யாரும் அந்த ‘எ’யைச் சொல்வதில்லை. எழுத்தில் ஜெயித்துவிட்டார்.

அந்த வெற்றியை மாற்ற ஒரு ஜனாதிபதியே முயன்றார். 1906 ஆகஸ்டில் தியோடர் ரூஸ்வெல்ட், ஆண்ட்ரூ கார்னகி பண உதவியோடு இயங்கிய எழுத்துச் சீர்திருத்த வாரியம் கொடுத்த 300 சொற்களின் பட்டியலை அமெரிக்க அரசு அச்சகம் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். ‘கிஸ்ட்’, ‘மிக்ஸ்ட்’ போன்ற இறந்தகாலச் சொற்களை ‘எட்’ இல்லாமல், வெறும் ‘டீ’யில் முடிப்பது அந்தப் பட்டியலில் இருந்தது. பத்திரிகைகள் கேலிச் சித்திரங்களாகப் போட்டுத் தள்ளின. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, வழக்கமான அகராதி எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று 142க்கு 24 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. ரூஸ்வெல்ட் பின்வாங்கினார். பனாமா கால்வாய் வெட்டியவரால் ஒரு ‘ஈ’யை வெட்ட முடியவில்லை.

ஆனால் நோவா வெப்ஸ்டரால் ஓர் ‘எல்’லை வெட்ட முடிந்தது. இரட்டிக்கும் விதியில் இரண்டு அசைச் சொற்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் இரட்டிக்க வேண்டும். ‘பிகின்’ என்பதில் ‘கின்’ அழுத்தம் பெறுவதால் ‘பிகினிங்’ இரண்டு ‘என்’ பெறும். ‘ஓபன்’ என்பதில் ‘ஓ’ அழுத்தம் பெறுவதால் ‘ஓபனிங்’ ஒன்றோடு நிற்கும். ஆங்கிலேயர்கள் ‘எல்’ எழுத்துக்கு மட்டும் இந்த நிபந்தனையைப் பார்ப்பதில்லை. ‘டிராவல்’, ‘கேன்சல்’ எல்லாவற்றுக்கும் இரட்டை. இது தேவையில்லாத விலக்கு என்று ஜான் வாக்கர் போன்றவர்கள் இங்கிலாந்திலேயே சொல்லியிருந்தார்கள், அங்கே எடுபடவில்லை. வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட சுமார் 70,000 சொற்கள் கொண்ட அமெரிக்க அகராதியில் அந்த விலக்கை நீக்கினார். அதனால்தான் அமெரிக்காவில் ரத்தான விமானத்துக்கு ஓர் ‘எல்’, லண்டனில் இரண்டு. ‘கேன்சலேஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு மட்டும் அமெரிக்காவிலும் இரண்டே. லத்தீன் மூலத்தில் இருந்த இரண்டு ‘எல்’ அங்கே பத்திரமாக இருக்கிறது.

இந்த விஷயத்தில் வெப்ஸ்டர் பக்கமே நியாயம் அதிகம். ஆனாலும் அவர் விதி தமிழ் பேசுபவர்களுக்குச் சுலபம் அல்ல. எந்த அசையில் அழுத்தம் என்று ஆங்கில எழுத்து காட்டாது, தமிழில் அப்படிப் பொருளை மாற்றும் அழுத்தமும் கிடையாது. பள்ளியில் பிரிட்டிஷ் எழுத்தில் படித்துவிட்டு, வேலையில் அமெரிக்க நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும் ஒருவருக்கு, நேற்றுவரை மதிப்பெண் வாங்கித்தந்த ‘எல்’ இன்று பிழையாகத் தெரியும்.

இந்த ஓர் எழுத்து, இரண்டு எழுத்து விவகாரம் மனிதனை எடைபோடும் கருவியானது 18ஆம் நூற்றாண்டில். 1750இல் செஸ்டர்ஃபீல்ட் பிரபு தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், கனவான் ஒருவன் ஒரு சொல்லைத் தப்பாக எழுதினால் வாழ்நாள் முழுதும் கேலிக்கு ஆளாவான் என்று எச்சரித்தார். ‘ஹோல்சம்’ என்ற சொல்லில் ‘டபிள்யூ’வை விட்டுவிட்ட ஒருவர் அந்தக் கேலியிலிருந்து மீளவே இல்லை என்று உதாரணமும் கொடுத்தார். ஷேக்ஸ்பியர் தன் பெயரையே ஒரே மாதிரி எழுதியதில்லை. அவர் கையெழுத்துகள் கிடைத்திருக்கின்றன. இரண்டு பேருக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் அச்சகத்தின் வசதிக்காக வந்த ஒழுங்கு, படித்தவன் படிக்காதவன் என்று பிரிக்கும் கோடாகிவிட்டது.

அகராதிகள் இன்னும் முடிவு செய்யாத சொற்களும் இருக்கின்றன. ‘ஃபோகஸ்’ என்பதன் இறந்தகாலத்துக்கு ஓர் ‘எஸ்’ஸா இரண்டா? அழுத்தம் முதல் அசையில் விழுவதால் விதிப்படி ஒன்று. இரண்டு போட்டும் பலர் எழுதுகிறார்கள், அகராதிகள் அதையும் சேர்த்துக்கொள்கின்றன. ‘பஸ்’ஸில் ஏற்றி அனுப்புவதற்கு விதிப்படி இரண்டு ‘எஸ்’ வர வேண்டும். ஆனால் இரண்டு ‘எஸ்’ போட்டால் முத்தமிடுவதைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லோடு மோதுகிறது. அதனால் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்பும் திட்டம் பற்றிப் பெரிய சண்டை நடந்த 1970களில், அங்கே பத்திரிகைகள் பெரும்பாலும் ஓர் ‘எஸ்’ஸோடு நிறுத்திக்கொண்டன.